பண்ணை வண்டி கண்காட்சி வண்டியான வரலாறு

சரக்குப் பெட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி ஃபோர்டு நிறுவனம் விற்ற முதல் பிக்கப் 1925 ஏப்ரலில் வெளிவந்தது. இருவர் அமரும் மாடல் டி ரன்அபவுட் காரின் பின்பகுதியை எடுத்துவிட்டு, 56 அங்குல நீளம், சுமார் 40 அங்குல அகலம், 13 அங்குல ஆழத்தில் ஓர் எஃகுப் பெட்டியை வைத்திருந்தார்கள். விலை 281 டாலர். முதல் ஆண்டில் விற்றவை 34,000-க்குச் சற்றுக் குறைவு. யோசனை ஒன்றும் புதிதல்ல. 1908-இல் மாடல் டி சந்தைக்கு வந்த நாளிலிருந்தே அமெரிக்க விவசாயிகள் பின் இருக்கையைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் மரப்பெட்டி அறைந்து சோள மூட்டையும் பால் கேனும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் கொட்டகையில் செய்ததை நிறுவனம் பதினேழு ஆண்டுகள் கழித்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இடைப்பட்ட காலத்தில் கனமான சரக்குக்கென 1917-இல் ஃபோர்டு கொண்டுவந்த மாடல் டிடி என்ற ஒரு டன் வண்டி, 600 டாலருக்கு வெறும் சேசிஸாகவே விற்கப்பட்டது. வாங்கியவர் அதை உள்ளூர்ப் பட்டறைக்கு ஓட்டிச் சென்று கேபினும் பெட்டியும் கட்டிக்கொள்ள வேண்டும். சேசிஸ் ஒரு கம்பெனி, பாடி ஒரு பட்டறை என்ற அந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் கரூர், திருச்செங்கோடு பக்கம் பஸ், லாரி பாடி கட்டும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். செவ்ரலேயும் இதே வழியில்தான் போயிற்று. 1930-இல் இண்டியானாபொலிஸில் பாடி கட்டிவந்த மார்ட்டின்-பாரி நிறுவனத்தை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிய பிறகே செவ்ரலே பிக்கப் முழு வண்டியாக விற்பனைக்கு வந்தது. பழைய கார்களை வெட்டி டிரக் ஆக்கும் வழக்கம் பொருளாதார மந்தக் காலத்தில் இன்னும் கூடியது. ஜான் ஸ்டைன்பெக்கின் 1939 நாவலான 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'தில் ஜோட் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போவது அப்படி வெட்டிய ஒரு ஹட்சன் காரில்தான்.

ஆகவே பிக்கப்புக்கு ஆரம்பத்திலிருந்தே 'தொழிற்சாலையில் இருந்த நிலை' என்று ஒன்றைத் திட்டமாகச் சொல்வது கடினம். பழைய வண்டியைப் பழையபடியே ஆக்க வேண்டும் என்று பின்னாளில் கிளம்பியவர்களுக்கு இது பெரிய தலைவலியாயிற்று.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1932-இல் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும். ஜீலாங் ஆலையின் இளம் வடிவமைப்பாளர் லூயிஸ் பாண்ட் அதற்காகக் காரின் கேபினையும் பெட்டியையும் ஒரே உடலாக இணைத்தார். 1934-இல் வந்த அந்த 'யூட்' இன்றும் அந்நாட்டின் செல்லப்பிள்ளை. பாண்ட் ஓய்வுக்காலத்தில் தாமே ஒரு பழைய யூட்டைச் சீரமைத்து ஓட்டினார். 1987-இல் அந்த வண்டியில் போகும்போதுதான் விபத்தில் இறந்தார்.

இரண்டாம் உலகப் போர் பழைய வண்டிகளின் தலைவிதியை மாற்றியது. 1942-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டது. இருந்த டிரக்குகளை ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். ஓடாதவை இரும்புச் சேகரிப்பு இயக்கத்தில் உருக்காலைக்குப் போயின. 1930-களின் பிக்கப்புகள் இன்று அரிதாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மற்றொன்று, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காரை மூடிவைத்தவர்கள் டிரக்கை மழையில் விட்டார்கள்.

இன்று புதுப்பிக்கப்படும் வண்டிகளில் பெரும்பங்கு போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளைச் சேர்ந்தது. 1947 கோடையில் செவ்ரலேயின் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசை வந்தது. அரை டன் வண்டிக்கு 3100 என்று பெயர். 1948-இல் ஃபோர்டின் எஃப்-1, டாட்ஜின் 'பைலட் ஹவுஸ்'. 1949-இல் ராபர்ட் போர்க் வடிவமைத்த ஸ்டூடிபேக்கர் 2ஆர். இந்த ஸ்டூடிபேக்கரில் பக்கவாட்டுப் படிக்கட்டு வெளியே தெரியாது, தோற்றத்தில் அக்காலத்துக் கார்களோடு போட்டி போடும். 1953-இல் ஃபோர்டின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி எஃப்-100 வந்தது. 1956 எஃப்-100-க்குத் தனி மவுசு உண்டு. பக்கங்களில் வளைந்து செல்லும் முன்கண்ணாடி அந்த உடலமைப்பில் அந்த ஓராண்டு மட்டுமே இருந்தது. அடுத்த ஆண்டே உடல் முழுவதும் மாறிவிட்டது.

செவ்ரலே 3100 ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறது என்பதற்கு அழகு பாதிக் காரணம்தான். ஏழெட்டு ஆண்டுகள் உடல் ஏறக்குறைய மாறாமல் இருந்ததால் ஓராண்டின் கதவு அடுத்த ஆண்டு வண்டிக்குப் பொருந்தும். அதே சமயம் சின்னச் சின்ன மாற்றங்கள் ஆண்டுதோறும் நுழைந்தன. முதலில் பெட்டிக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேங்க் 1949-இல் கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் வந்தது. 1951-இல் கதவில் காற்றுச் சாளரம் சேர்ந்தது, 1952-இல் வெளிக் கைப்பிடி அழுத்தும் பொத்தானாயிற்று, 1954-இல் இரு துண்டு முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியானது. கொரியப் போர்க்காலத்தில் குரோமியம் தட்டுப்பாடானதால் கிரில்லுக்கு வெறும் பெயிண்ட்தான். இந்த விவரங்களை வைத்தே ஒரு வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது, அதில் எது எந்த வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது என்று கரைகண்டவர்கள் சொல்லிவிடுவார்கள். 1952 வண்டியில் பளபளக்கும் குரோம் கிரில்லைக் கண்டால் அவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான்.

இந்த வண்டிகள் எந்தச் சாலைக்காகச் செய்யப்பட்டன என்பதை மறந்தால் அவற்றின் இயந்திரம் புரியாது. அமெரிக்காவின் மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பிக்கப் மண் சாலையிலும் நாட்டுப்புறத் தார்ச் சாலையிலும் மணிக்கு 70, 80 கிலோமீட்டருக்குள் பாரம் இழுப்பதற்கானது. செவ்ரலேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினில் கனெக்டிங் ராடுகளுக்கு இன்று போல் தனியே கழற்றி மாற்றும் பேரிங் கிடையாது. பாபிட் எனப்படும் வெள்ளை உலோகத்தை உருக்கி ராடிலேயே வார்த்துக் கடைந்திருப்பார்கள். ராடின் அடியில் உள்ள சின்ன அகப்பை, சுழலும்போது தொட்டி எண்ணெயை அள்ளித் தெளித்துக்கொள்ளும். எண்ணெய் அழுத்தம் மிகக் குறைவு, மானியின் முள் பாதியைத் தாண்டினாலே பெரிது. இப்படியான இன்ஜினை நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் வெள்ளை உலோகம் தேய்ந்து ராடு தட்டத் தொடங்கும். வெள்ளை உலோகம் வார்க்கத் தெரிந்த பட்டறைகளும் குறைந்துவிட்டன. அதனால் 1954-க்குப் பிந்தைய 235 கன அங்குல இன்ஜினை, முழு அழுத்த எண்ணெயோட்டமும் மாற்றத்தக்க பேரிங்கும் உள்ளதை, பழைய வண்டியில் இறக்குவது மிகப் பரவலான மாற்றம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே குடும்பம். பானெட்டைத் திறந்தாலும் பலருக்கு வேறுபாடு தெரியாது.

ஃபோர்டுக்காரர்களின் கவலை வேறு. 1932-இல் அறிமுகமான ஃபிளாட்ஹெட் வி8 1953 வரை ஃபோர்டு பிக்கப்பில் ஓடியது. எஃப்-1 காலத்தில் அது 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். அதன் புகை வழிகள் இன்ஜின் பிளாக்கின் உள்ளேயே நீர் வழிகளை ஒட்டிச் செல்வதால் பிளாக் சூடேறும். விரிசல் விட்ட பிளாக் சகஜம். வாங்கும் முன் பிளாக்கைச் சோதிக்காதவர் பிறகு இன்னொரு பிளாக்கைத் தேடி அலைய வேண்டியதுதான்.

பழைய வாகனங்களைச் சேகரிக்கும் பழக்கம் அமெரிக்காவில் பிக்கப்பைவிடக் கார்களில் வெகு காலம் முன்பே அமைப்பாகிவிட்டது. ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா 1935-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் 1950-களின் நடுவிலிருந்து அதன் இலையுதிர்காலக் கூட்டத்தோடு சேர்ந்து பழைய பாகச் சந்தையும் நடந்துவருகிறது. பழைய வண்டி, பாகம் விற்போர் விளம்பரங்களுக்காகவே 1954-இல் இல்லினாய் மாநிலத்தின் குவின்சியில் 'ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ்' பிறந்தது. அந்த வட்டங்களில் முதலில் டிரக்குக்கு மரியாதை இல்லை. பாகச் சந்தைக்குக் கார் பாகங்களைச் சுமந்து வரும் வண்டியாகவே பிக்கப் அங்கு நுழைந்தது. பழைய வண்டியில் வலிய இன்ஜினை இறக்கி விரட்டும் தெற்குக் கலிபோர்னியாவின் ஹாட் ராடு இளைஞர்கள்தான் முதலில் அதை வேறு கண்ணால் பார்த்தார்கள். எஃப்-100-இன் அகலமான இன்ஜின் அறையில் எந்த வி8-ஐயும் இறக்கலாம், பழைய வண்டி கொள்ளை மலிவு. 1971-இல் அமெரிக்க டிரக் வரலாற்றுச் சங்கம் உருவானது. 1970-களின் 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' தொலைக்காட்சித் தொடரில் காயலான் கடைக்காரர்கள் ஓட்டிய 1951 ஃபோர்டு எஃப்-1 வீட்டுக்கு வீடு பரிச்சயமாயிற்று. பின்னாளில் 2006-இல் பிக்ஸாரின் 'கார்ஸ்' படத்தில் வரும் துருப்பிடித்த மேட்டர், கான்சாஸ் மாநிலத்தின் கலீனாவில் 66-ஆம் நெடுஞ்சாலையோரம் நின்ற 1951 இன்டர்நேஷனல் டிரக்கைப் பார்த்து உருவானது.

பொழுதுபோக்காக இது பரவியதற்கு உண்மையான காரணம் பாகங்கள். வண்டிகள் லட்சக்கணக்கில் ஓடியிருந்தன, அமைப்பு எளிது, ஆண்டுகளிடையே பொருத்தம் உண்டு. எனவே பழைய பாகத்தைப் பார்த்துப் புதிதாக அச்சடித்து விற்கும் தொழில் லாபகரமாயிற்று. கதவு ரப்பர், படிக்கட்டு, மட்கார்டு, பெட்டிப் பலகை என்று தொடங்கி, இன்று 1947 செவ்ரலேயின் எஃகு கேபினையே முழுதாக வாங்கலாம். அதைப் பொருத்திய வண்டி 1947 வண்டியா என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை.

சீரமைப்பு வேலை பெரும்பாலும் துருவோடு தொடங்குகிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வடகிழக்கு, நடுமேற்கு மாநிலங்களின் வண்டிகள் அடியிலிருந்து அரிக்கப்பட்டிருக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டிகளுக்கு உடல் கெட்டி, ஆனால் ரப்பரும் இருக்கையும் வெயிலில் பொடியாகியிருக்கும். கேபினின் பின் மூலைகள், கதவுக்குக் கீழுள்ள பட்டை, கால்தளம், கேபின் சேசிஸில் உட்காரும் முட்டுகள் ஆகிய இடங்களைத்தான் முதலில் குத்திப் பார்ப்பார்கள். சேறு தங்கும் மடிப்புகள் இவை. கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். முந்தைய உரிமையாளர் பட்டி தடவி பெயிண்ட் அடித்திருப்பார். சரியான முறை, கெட்ட தகட்டை நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டை விளிம்போடு விளிம்பாகப் பற்றவைப்பது. வெட்டும் முன் கேபினுக்குள் குறுக்குக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து முட்டுக் கொடுக்காவிட்டால் கேபின் கோணிக்கொள்ளும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. பழைய பெயிண்டை அகற்ற மணல் பீச்சுவதும் எளிதாகக் கெடுக்கும் வேலை. பானெட், கூரை போன்ற அகலத் தகடுகளில் நெருக்கமாகப் பீச்சினால் தகடு நெளிந்துவிடும். அங்கே இரசாயனமும் கைத்தேய்ப்பும்தான்.

சேசிஸ், கமான் பட்டை, அச்சு ஆகியவை காரில் உள்ளவற்றைவிடப் பலமடங்கு கெட்டி. கழற்றி, சுத்தம் செய்து, புஷ்ஷும் பின்னும் மாற்றினால் பெரும்பாலும் போதும். சரக்குப் பெட்டியின் தளம் மரப்பலகை, அவற்றின் இடைவெளிகளில் நீள எஃகுப் பட்டைகள். தொழிற்சாலையில் இது பெரும்பாலும் பைன் போன்ற மலிவு மரம், மேலே பெயிண்ட். இன்றைய கண்காட்சிகளில் வார்னிஷ் மின்னும் ஓக் பலகைகள் நிறையத் தெரிகின்றன. அழகுதான், ஆனால் எந்தப் பண்ணையிலும் எந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெட்டி இருந்ததில்லை. உரமூட்டையை அதன்மேல் போட யாருக்கும் மனம் வராது.

வண்டியைப் புதுப்பித்த பிறகு ஓட்டிக்கொண்டிருப்பது தனிப் படிப்பு. 1950-களின் நடுப்பகுதி வரை இந்த வண்டிகளில் 6 வோல்ட் மின்சாரம். அதே வேலைக்கு 12 வோல்ட்டைப் போல் இரு மடங்கு மின்னோட்டம் தேவை என்பதால் கேபிள்கள் தடிமனாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய 12 வோல்ட் கேபிளை மாட்டிவிட்டு, ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது என்று இன்ஜினைக் குறை சொல்பவர்கள் உண்டு. 1955 வரை ஃபோர்டில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும், செவ்ரலேயில் எதிர்முனை. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், கார்புரேட்டர் மிதவை ஆகியவற்றைப் பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டும். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்று 1967 வாக்கில்தான் பரவியது. பழமையை அப்படியே காக்க வேண்டும் என்று வாதிடுபவர்களில் பலர்கூட இந்த ஒரு விஷயத்தில் வளைந்துகொடுத்து இரட்டைச் சிலிண்டர் மாட்டிவிடுகிறார்கள். முக்கால் டன், ஒரு டன் வண்டிகளின் பிளவு வளைய ரிம்கள் இன்னும் ஆபத்து: காற்றடிக்கும்போது வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளில் 1996-இலிருந்து தடை. இன்று கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் சவ்வையும் ஊறவைத்துக் கெடுக்கிறது. ஆனால் இந்த இன்ஜின்களின் அமுக்க விகிதம் ஆறரை அளவில் இருப்பதால் மட்டமான பெட்ரோலையும் குறைசொல்லாமல் எரிக்கும். 1990-களில் பொருளாதாரத் தடையில் சிக்கியிருந்த யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும் இதே குறைந்த அமுக்கத்தின் தயவில்தான்.

எப்படிப் புதுப்பிப்பது என்பதில் ரசிகர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப்பின் நடுவர்கள் 400 புள்ளியில் தொடங்கி, தொழிற்சாலை நிலையிலிருந்து விலகிய ஒவ்வொன்றுக்கும் குறைத்துக்கொண்டே போவார்கள். இதற்கு நேர் எதிர் ரெஸ்டோமாட் எனப்படும் வகை: வெளியே 1950, உள்ளே புதிய வி8, குளிர்சாதனம், டிஸ்க் பிரேக். சிலர் செவ்ரலே எஸ்-10 சிறு டிரக்கின் சேசிஸை அப்படியே எடுத்து, மேலே 3100 உடலை இறக்குகிறார்கள். மூன்றாவது கட்சி, வெயிலில் வெளுத்த பெயிண்ட், கதவில் பாதி அழிந்த பண்ணைப் பெயர், பெட்டியின் நசுங்கல் எல்லாவற்றையும் தொடாமல் விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் சரிசெய்வது. வேலை வண்டிக்கு மிகவும் நேர்மையானது இந்த மூன்றாவது வழிதான் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் அதிலும் கள்ளம் புகுந்துவிட்டது: புதுப் பெயிண்டை வேண்டுமென்றே தேய்த்து, இல்லாத பண்ணைக்கு விளம்பரம் எழுதிப் பழசாக்கி விற்கிறார்கள்.

சட்டமும் இந்தப் பொழுதுபோக்குக்கு உருக்கொடுத்தது. பல மாநிலங்கள் 25 ஆண்டு தாண்டிய வண்டிக்குத் தனிப் பழம்பதிவு எண் தருகின்றன, சில மாநிலங்களில் வண்டி பிறந்த ஆண்டின் அசல் எண் பலகையைத் தேடிப் பிடித்து மாட்டவும் அனுமதி உண்டு. முன்பு சில மாநிலங்களில் வாகனம் இன்ஜின் எண்ணைக் கொண்டே பதிவானது. இன்ஜின் மாற்றிய வண்டியின் ஆவணமும் வண்டியும் ஒத்துப்போகாமல் திண்டாடுவது இதன் விளைவு. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா விதித்த வரிக்குப் பதிலடியாக 1964-இல் இறக்குமதி டிரக்குகள் மீது வந்த 25 சதவீத வரி இன்னும் நீங்கவில்லை. அதற்குத் தப்ப, 1970-களில் மஸ்டாவின் தயாரிப்பான ஃபோர்டு கூரியரும் இசுசுவின் செவ்ரலே லவ்வும் பெட்டியில்லாத சேசிஸாகக் குறைந்த வரியில் கப்பலேறி, அமெரிக்க மண்ணில் பெட்டி பொருத்தப்பட்டன. மாடல் டிடி காலத்து ஏற்பாட்டுக்கு வரிச்சட்டம் மறுவாழ்வு கொடுத்தது. 1980-இல் அந்த ஓட்டையும் அடைபட்டது. சுபாருவோ 1978-இல் பிராட் வண்டியின் திறந்த பெட்டிக்குள் இரண்டு இருக்கைகளை வைத்து அதைக் கார் என்று பதிவு செய்தது. ரொனால்ட் ரீகன் தன் கலிபோர்னியப் பண்ணையில் ஓட்டியது அத்தகைய ஒன்று.

இந்த ஜப்பானிய வண்டிகளும் இப்போது புதுப்பிப்போர் பட்டறைக்கு வந்துவிட்டன. 25 ஆண்டு தாண்டிய வெளிநாட்டு வாகனங்களுக்குக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பதால் ஜப்பானின் குட்டி கேய் டிரக்குகளும் வந்திறங்குகின்றன. அவற்றைப் பதிவு செய்யச் சில மாநிலங்கள் மறுத்ததும் உண்டு. உள்நாட்டில் 1967-72 செவ்ரலேயின் விலை ஏறிய பின் இளையவர்கள் 1973-87-இன் சதுர உடல் வண்டிகள் பக்கம் திரும்பினார்கள். 1985-இலேயே ஃபோர்டு எஃப்-150-இல் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் வந்துவிட்டது, 1987-இல் செவ்ரலேயும் கார்புரேட்டரைக் கைவிட்டது. இந்த வண்டிகளின் தகடும் கதவும் புதிதாக அச்சாகிக் கிடைக்கின்றன. கட்டுப்பாட்டுக் கணினிப் பெட்டிகள் அப்படிக் கிடைப்பதில்லை. காயலான் கடை வண்டியிலிருந்து கழற்றியதைத் திறந்து, உப்பிய கெப்பாசிட்டரைப் பற்றவைத்து மாற்றிப் பார்க்கிறார்கள்.